புலி போட்ட முடிச்சு

கோவிந்தசாமி கோபத்தோடுதான் நாடகம் பார்க்கப் போனார். ஜாலான் புசார் சாலைப் பக்கம் மாட்டுக்கொட்டகை வைத்துப் பால் விற்கிறவர் அவர். போன வாரம் மகள் கண்மணி, பள்ளிக்கூடத்துச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டே கொட்டகைப் படலைத் திறந்து போட்டுவிட்டாள். கன்றுக்குட்டி ஓடிப்போய்ச் சேற்றில் இறங்கி அவரை அரைநாள் அலையவைத்தது. படிப்பு ஏற ஏறப் பொறுப்பு இறங்குகிறது, பள்ளிக்கூடம் இத்தோடு போதும் என்று அவர் சொல்லிவிட்டார். நாடகத்தில் அவள்தான் புலி, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று ஆசிரியை பூரணம் கெஞ்சிக் கேட்டிருந்தாள். மனிதரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

மேடையில் மூங்கில் கூண்டுக்குள் கண்மணி மஞ்சள் பூச்சும் கரிக்கோடுமாக உறுமினாள். ஓரத்தில் ஒருத்தி 'நியாயம்' என்று எழுதிய கற்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வயது சம்சுன்னிசாவின் கழுத்தில் தொங்கிய பலகையில் 'அ' மட்டும். சற்று முன்புதான் அவள் 'சுத்தம்' என்ற பலகைக்கு முன்னால் போய் நின்று அதை 'அசுத்தம்' ஆக்கியிருந்தாள்.

வழிப்போக்கன் இரங்கிக் கூண்டைத் திறந்தான். வெளியே வந்த புலி அவனையே தின்னப் போவதாகச் சொன்னது. சம்சுன்னிசா ஓடிப்போய் 'நியாயம்' பலகைக்கு முன்னால் நின்றாள். அநியாயம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

அப்புறம் நரி வந்தது. கூண்டுக்குள் எப்படி இருந்தாய், காட்டு பார்ப்போம் என்றது. கதைப்படி புலி அசட்டுத்தனமாக உள்ளே போகவேண்டும். ஆனால் வெளியே வந்த கையோடு புலி கூண்டை இழுத்துச் சாத்தி, கயிற்றைச் சுற்றிக் கொட்டகை முடிச்சும் போட்டிருந்தது. நரி பல்லால்கூட இழுத்துப் பார்த்தது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. புலிக்குக் கண் கலங்கிவிட்டது.

கோவிந்தசாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சு. வாங்கிய திட்டு பிள்ளையின் நெஞ்சிலேயே நின்றிருக்கிறது, பாவம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறி, ஒரே இழுப்பில் அவிழ்த்தார். புலி உள்ளே போனதும் தாமே சாத்தினார். நரிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மூங்கிலுக்கு நடுவே மூக்கை நீட்டிப் புலி மெதுவாகக் கேட்டது. "அப்பா, நான் சாத்துனேன்ல? இன்னமும் பள்ளிக்கூடத்த நிறுத்துவீங்களா?"

யாரும் சொல்லாமலே சம்சுன்னிசா ஓடிப்போய் மறுபடி 'நியாயம்' பலகைக்கு முன்னால் நின்றாள்.

கோவிந்தசாமிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு பலகைகளையும் அவர் படித்துவிட்டார்.

"திங்கக்கிழமை வருவா, டீச்சரம்மா," என்றார் பூரணத்திடம். "படலைச் சாத்திட்டு வருவா."