தூசியில் வந்த அயோடின்

பிளசன்டன் நகரில் உள்ள ஆய்வகத்தில் ஹம்சா அளந்துகொண்டிருந்தது கிரீன்லாந்துப் பனியின் மேல் படிந்த கறுப்புத் தூசி. அதில் சீசியம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அறுபது வருஷத்துக்கு முன் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் மிச்சம் அது; பனியோடு உறைந்து கிடந்தது, இப்போது வெப்பம் ஏறிப் பனி உருக உருகத் தூசியில் வந்து சேர்கிறது. ஆனால் கதிர்வீச்சை அளக்கும் கருவி அயோடின்-131 என்றும் காட்டியது. எட்டே நாளில் பாதியாகிவிடும் பொருளுக்குப் பழைய பனியில் என்ன வேலை?

"எங்கயாச்சும் அணு உலைல புதுசா லீக் ஆயிருக்குமோ?" என்று பக்கத்து மேசை சபரிநாதனிடம் கேட்டாள்.

"தெரியலைங்களே" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தூசியை வெளியே எடுத்துவிட்டு வெறும் கருவியை ஓட விட்டாள். அயோடின் அப்படியே இருந்தது. சனிக்கிழமை தனியாக வந்து பார்த்தாள், இல்லை. திங்கட்கிழமை மறுபடி வந்தது. சபரிநாதன் சாப்பிடப் போன நேரம் மட்டும் மறைந்தது.

அவர் திரும்பி வந்ததும் மெல்லக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சபரி. தைராய்டுக்கு ட்ரீட்மென்ட் எடுத்தீங்களா?"

"யாருங்க சொன்னா?"

"டிடெக்டர்."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கேன்சருங்க. ஊருக்குப் போறேன்னு லீவ் போட்டேனே, அப்பதான் சர்ஜரி, தனியாத்தான் போனேன். போன வாரம் கதிரியக்க அயோடின் குடுத்தாங்க. வெளிய தெரிஞ்சா அடுத்த மாசம் கிரீன்லாந்து ட்ரிப்ல இருந்து ட்ராப் பண்ணிருவாங்கன்னு பயம். டிடெக்டரச் சுத்தி இருக்கற ஈயச் சுவர் என் உடம்புலேர்ந்து வர்ற கதிரத் தடுத்துரும்னு நெனச்சேன்."

அளவெல்லாம் கெட்டதில் அவளுக்குக் கோபம்தான். ஆஸ்பத்திரிக்கு யார் துணையும் இல்லாமல் போய் வந்திருக்கிறாரே என்பது அதைவிட உறுத்தியது. "நாளைக்கே மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நானும் வரேன்" என்றாள்.

சொன்னார்கள். பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் வீட்டிலிருந்து வேலை செய்துவிட்டு, டாக்டரின் கடிதத்தோடு சபரிநாதன் கிரீன்லாந்துக்குக் கிளம்பினார். தூசியை மறுபடி அளந்தபோது சீசியம் மட்டுமே இருந்தது.

"உருகற தண்ணி இத எங்க கொண்டுட்டுப் போகுதுன்னு பாக்கணும். ஓடைச் சேறும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு ஜாடி வந்தது. பனி விளிம்புச் சேற்றில் சீசியம் நிறைய; ஓடை கடலில் கலக்கும் இடத்தில் அநேகமாக இல்லை.

"அப்ப நடுவுல எங்கியோ தங்கிருச்சு" என்றார் சபரிநாதன்.

இருவரும் வரைபடத்தை விரித்து, ஓடை போகும் வழியில் சேறு படியும் ஏரி ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தேடத் தொடங்கினார்கள்.