முதல் பூவுக்கு வந்தவர்கள்

1

இந்தக் கதை நேற்று என் அக்காவின் சமையலறையில் எனக்குக் கிடைத்தது. 'கிடைத்தது' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் தலையில் இடி விழுந்தது. நான் அதில் கதை பார்த்தேன்.

அக்கா தாவர ஆய்வாளர். ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வளரும் நீலப்பூச் செடியைக் காப்பாற்றுவது அவள் வேலை. எங்கும் முளைக்கும் சாதாரணச் செடி ஒன்றின் அரிய துணையினம் அது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இலையை அரைத்து மரபணு அடையாளங்களைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். (பாடப்புத்தக வாடை அடிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் அவள் அவமானம் புரியாது.)

2

முதல் தொடக்கம்: 'மேகம் கவிந்த அந்தச் சரிவில்' — வேண்டாம்.

இரண்டாவது: 'ஆய்வக முடிவைப் பார்த்ததும் அவள் விம்மி —'

இதை அவளிடம் காட்டினேன்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்காக, அக்கா."

"உன் கதைக்கு வேணும்னா நீ அழு."

நடந்தது இதுதான். சரிவிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து நாற்றங்காலில் வளர்த்தாள். ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்து வரிசையிலேயே சாதாரணச் செடியையும் வைத்தாள். இரண்டின் மகரந்தத்தையும் கலக்கும் வேலையைத் தேனீக்கள் பார்த்துக்கொண்டன. அங்கே விளைந்த விதையில் வந்த நாற்றுகளைத்தான் ஊரே திரண்டு சரிவில் நட்டது. சோதித்த ஒவ்வொரு நாற்றிலும் இரண்டின் அடையாளங்களும் இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. அவை பூத்தால் மிச்சமிருக்கும் அசல் செடிகளும் கலந்துபோகும். பிடுங்கியாக வேண்டும். மொட்டு வேறு விட்டுவிட்டது.

நட்டவர்களை எல்லாம் முதல் பூ பார்க்க இன்று வரச் சொல்லியிருந்தாள்.

3

முடிவுகள்:

(அ) யாருக்கும் தெரியாமல் பிடுங்கிவிட்டு, பூச்சி விழுந்துவிட்டது என்கிறாள். இதை நான் அவளிடம் வாய்விட்டே சொன்னேன்.

"ஏற்கெனவே தேனீ மேல பழியப் போட்டாச்சு. இப்போ பூச்சியா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு வரவில்லை.

(ஆ) ஆய்வகம் தவறு செய்துவிட்டது; எல்லாம் அசல் செடிகளே. வெட்கமில்லாமல் அரைப் பக்கம் எழுதி, அடித்துவிட்டேன்.

(இ)

4

வண்டிக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா இறங்கிப் போய்விட்டாள். கூட்டம் கையசைக்கிறது. குழந்தையைத் தோளில் தூக்கிவைத்திருக்கும் ஒருவர் கத்துகிறார்: "சீக்கிரம் வாங்கம்மா, நம்ம செடி மொட்டு விட்டிருச்சு!"

வரும் வழி முழுக்க அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் சொல்றப்போ பக்கத்துல நிப்பியாடா?"

"இது என்னக்கா கேள்வி?" என்றேன்.

மூன்றாவது முடிவை எழுத வேண்டுமானால் நான் இறங்க வேண்டும். அந்த முகங்கள் மாறுவதைப் பார்க்க வேண்டும். அவளோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்கள். கதவுப் பிடியில் கை வைத்து —

எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது நல்ல சாக்கு.

படித்தது போதும், நீங்களாவது போங்கள். அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் யாருமில்லை.