தோல் நிறத் துணி

போட்டி அரங்கில் அஞ்சு உடுப்பு மாற்றிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தபோது அய்யம்பெருமாளுக்கு அந்தக் கைகள் யாருடையவை என்று பிடிபடவில்லை. முகம் மகளுடையதுதான், கழுத்தும் அவளுடையதுதான். தோளுக்குக் கீழே மட்டும் வெளிறிய ரோஸ் நிறத்தில் வேறு யாரோ ஒருத்தியின் கைகள் தொங்கின.

எல்லாம் அவர் போட்ட நிபந்தனையால் வந்த வினை. வெளிநாட்டில் பனிக்கட்டியில் வழுக்கி ஆடுவதை நாகர்கோவிலில் சிமெண்டுத் தரையில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். பாட்டு உண்டு, சுழற்சி உண்டு, உடுப்பையும் நடுவர்கள் பார்ப்பதுண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகத் தொடங்கியது மாநிலப் போட்டியில் வந்து நிற்கும் என்று அவர்கள் ஊர் தாழக்குடியில் யார் கண்டது? அய்யம்பெருமாள் விதைப்பு, களை என்று வயலே கதியாகக் கிடக்கிற மனிதர். ஆடட்டும் என்றுதான் சொன்னார். காலுக்குக் கறுப்பு உறை என்று முடிவானது, கையில்தான் தகராறு. கையில்லாத சட்டையோடு பிள்ளை சபையில் நிற்கக்கூடாது என்றார். சொன்னால் சொன்னதுதான். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் அனில்குமார் மண்டையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தார். தோல் நிறத்தில் மெல்லிய வலைத்துணி கிடைக்கும், கையும் மூடும், தூரத்திலிருந்து பார்த்தால் வெறுங்கை போலவும் இருக்கும். யார் தோலைப் பார்த்து அந்த நிறத்துக்குப் பெயர் வைத்தார்களோ, அந்த ஆள் இந்தப் பக்கம் வந்தவனில்லை. உடுப்பு நேற்றுச் சாயங்காலம்தான் தைத்து வந்தது.

அவர் மனைவி அழகியநாயகிக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

“பாத்தியளா, பிள்ளைக்கு கை எம்புட்டு வெளுப்பா தெரியுது! மொகத்துக்கும் இதே நெறத்துல பவுடர் போட்டுட்டா போட்டோவுல சினிமாக்காரி கணக்கா இருப்பா.” கையில் பவுடர் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாள்.

அஞ்சு அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சக்கரக் காலோடு அப்பாவிடம் உருண்டு வந்தாள்.

“இது என் கையில்லப்பா. எல்லாரும் பாத்துச் சிரிப்பாவ. நான் ஆடமாட்டேன்.”

அய்யம்பெருமாள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் தரகர் சொன்ன பேச்சு இன்னும் காதில் கிடக்கிறது: மாப்பிள்ளைக்கு நிறம் கொஞ்சம் மட்டு, மற்றபடி தங்கம். அன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்ய? அவருடைய நிறத்தை அப்படியே அள்ளிக்கொண்டு பிறந்தவள் இவள். அந்த நிறத்தை மறைக்கிற துணியை அவரே அல்லவா வம்படியாக மாட்டிவிட்டிருக்கிறார்.

“மாஸ்டரே, இந்தத் துணிய எடுத்துரலாமா?” பக்கத்தில் நின்ற அனில்குமாரிடம் கேட்டார்.

“எடுக்கலாம் அண்ணாச்சி. பாத்து வெட்டணும். ஆடும்போ ஒரு துண்டு தரையில விழுந்தாலும் மார்க்கு கொறப்பாவ. அடுத்தது இவதான்.”

“வெறுங்கையோடயா?” அழகியநாயகி பதறினாள். “ஒங்க அண்ணன்லா முன்வரிசையில இருக்காரு!”

“இருக்கட்டும். பாக்கட்டும்.” அவர் மனைவி பக்கம் திரும்பினார். “அந்தப் பவுடர மூடு முதல்ல.”

மாஸ்டர் முதலுதவிப் பெட்டியிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்து நீட்டினார். அய்யம்பெருமாள் வாங்கிக்கொண்டார்.

“அசையாம நில்லு மக்கா.”

கத்திரி பிள்ளையின் தோலில் பட்டுவிடக்கூடாதே என்று அய்யம்பெருமாள் இரண்டு விரல்களைத் துணிக்கு உள்ளே நுழைத்தார். சேற்றிலும் வெயிலிலும் கிடந்து கறுத்துக் காய்த்த விரல்கள். வலைக்குள் போனதும் அவையும் வெளுத்து, யாருடையவையோ ஆகிவிட்டன. மைக்கில் அஞ்சுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். தோளோரத்தில் முதல் வெட்டு விழுந்தது. அந்தப் பிளவில் மகளின் கறுத்த தோலும் அவருடைய விரல்நுனியும் சேர்ந்தே வெளியே வந்தன.