பதினேழாம் கட்டில்

நோய்க் காலத்தில் ஆஸ்பத்திரியாக மாறியிருந்த விளையாட்டுக் கூடத்தை மறுபடி விளையாட்டுக்கே திறந்துவிட்டார்கள். கட்டில்கள் போய்விட்டன. தரையில் மஞ்சள் பெயிண்டில் எழுதிய கட்டில் எண்கள் மட்டும், எவ்வளவு தேய்த்தும் போகாமல் அடம்பிடித்தன.

அவள் ஷூ நாடாவைக் கட்டாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னடி, வாடகை வீடு பாக்க வந்தவ மாதிரி நிக்கற? ஞாயித்துக்கிழமை மேட்ச். நீ இல்லன்னா என்னைய ரெண்டா வெட்டித்தான் நிறுத்தணும்," என்றாள் நெட்டை, வாலிபால் குழுவின் தலைவி.

அப்பா இந்தக் கூடத்தில்தான் மூன்று வாரம் கிடந்து இறந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. "ஜன்னலோரக் கட்டில் கண்ணு, ரோடு நல்லாத் தெரியுது" என்று போனில் சொன்னார். அதனால் தினமும் சாயங்காலம் அவள் அந்த ஜன்னலுக்கு நேரே தெருவில் நின்று, பந்தைத் தலைக்கு மேல் இருபது முறை தட்டிக் காட்டுவாள். கம்பி வலைக்குப் பின்னால் முகம் எதுவும் தெரியாது. பிறகு போனில், "பாத்தேன். பதினாலாவதுல கோட்டை விட்டுட்டியே" என்பார். சரியாக இருக்கும்.

ஒரே ஒரு நாள் அவள் போகவில்லை. வேலை பார்த்த தையற்கூடத்தில் முகக்கவச ஆர்டர் கழுத்தை நெரித்தது. அன்றும் அப்பா மூச்சு வாங்க வாங்க, "பாத்தேன் கண்ணு. இருபதும் தட்டிட்ட, ஒன்னுகூட விடல" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. வராதது தெரிந்தும் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார் என நினைத்தாள். "ஆமாப்பா" என்றாள். மறுநாள் விடியலில் அவர் இல்லை. அதன்பின் அவள் பந்தையே தொடவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் பதினேழு என்று இருந்தது. நோய்க் காலத்திலும் இங்கேயே வேலை பார்த்த கூடத்துக் காவலாளியிடம், "அண்ணே, பதினேழு எங்க?" என்றாள்.

அவர் கை காட்டினார். ஜன்னலோரம் இல்லை, ஆடுகளத்தின் பின்வரிசையில், நட்டநடுவே. அங்கிருந்து ஜன்னலில் ஒரு கீற்று ஆகாயம் தெரியும். தெரு மருந்துக்கும் தெரியாது.

"ஜன்னலோரம்னு சொன்னாரே?"

"அங்க ஒரு வேன் டிரைவர் இருந்தாரும்மா. நீ வந்ததும் அவருதான் சத்தமா எண்ணுவாரு. உங்கப்பா கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரு. நீ பந்தை விட்டா இந்தப் பக்கம் எல்லாருமே 'அடடா'ன்னுவாங்க."

"கடைசி வரைக்குமா?"

"இல்லம்மா. அப்பா போறதுக்கு முந்தின நாள் காலையிலதான் டிரைவர் குணமாகி வீட்டுக்குப் போனாரு."

அந்தக் கடைசிச் சாயங்காலம் எண்ணிச் சொல்ல யாருமே இல்லை. அவள் வராதது தெரிந்து அப்பா மன்னித்தார் என்பதில்லை. மகள் வந்திருப்பாள் என்று நம்பி, ஒன்றுகூட விட்டிருக்க மாட்டாள் என்றும் நம்பி, முழு இருபதையும் அவராகவே எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

நாடாவைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வாலிபாலில் சர்வீஸ் தங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் நகர வேண்டும். பிடிக்காத இடமென்று யாரும் ஒதுங்க முடியாது. நாலாவது நகர்வில் பதினேழு அவள் காலடிக்கு வந்தது. பந்தும் நேரே அவளிடமே வந்தது. பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஏய், பிடிக்கக் கூடாதுடி!" என்று கத்திய நெட்டை, அவள் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களைக் கையமர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்விட்டு எண்ணியபடி பந்தைத் தலைக்கு மேல் தட்டினாள். பதினொன்றில் கண்ணீர் மறைத்தது. பந்து விழுந்து உருண்டு ஓடியது.

நெட்டை ஓடிப்போய் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.