கொடுத்த வீட்டுக்கு ஒரு தாழம்பாய்

என் மகள் லுசீலாவுக்கு வேறொருவரின் நுரையீரல்களைப் பொருத்தி மூன்று நாட்கள் ஆகியிருந்தன. முதல் நாள் நன்றாக வேலை செய்தன. மறுநாளே நீர் கோத்துக்கொண்டது.

டாக்டர் கார்மைக்கேல் என்னையும் என் தங்கை சிலாவாவையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"நுரையீரல்ல இருக்கிற குட்டிக் குட்டிப் பைங்க ஒட்டிக்காம இருக்க உடம்பே ஒரு வழவழப்பைச் சுரக்கும். அது கெட்டுப்போச்சு. பைங்க விரிய மாட்டேங்குது. கன்னுக்குட்டி நுரையீரல்ல இருந்து எடுத்த மருந்து ஒண்ணு இருக்கு, குறைமாசக் குழந்தைங்களுக்குக் கொடுக்கிறது. குழாய் வழியா விட்டுப் பார்க்கலாம். பலிக்கும்னு உறுதி சொல்ல முடியாதுங்க ஐயா."

கையெழுத்திட்டேன். பிறகு, சமோவாவிலிருந்து வந்த எங்கள் வீட்டுத் தாழம்பாயை மடியில் வைத்தேன். பட்டு போல மெல்லியது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே வெளியே வரும்.

"இதை நுரையீரல் கொடுத்த வீட்டுல சேர்க்கணும். அவங்க பேர் என்ன?"

"எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. வேணும்னா ஒரு கடிதம் எழுதுங்க. பேரும் ஊரும் இருக்கக் கூடாது."

ஊர்ச் சபையில் எங்கள் குடும்பத்துக்காகப் பேசுகிறவன் நான். எதிரே உட்காரும் குடும்பத்தாரின் முன்னோர் பெயர்களைச் சொல்லாமல் வாய் திறந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து இதுவரை மொட்டைக்கடிதம் போனதுமில்லை.

"யாரோ செத்தா மூணு மணி நேரம் நின்னு பேசுறே. நாலு வரி எழுதினா மானம் போயிருமா அண்ணே?" என்றாள் சிலாவா.

"உனக்குப் புரியாது."

"எனக்கு எதுதான் புரிஞ்சுது. பாயை மடிச்சு வை, உன் வேர்வை படுது."

கண்ணாடி வழியே பார்த்தோம். தண்ணீர் விட்ட தேங்காய்ப்பால் போல வெள்ளையாக இருந்தது மருந்து. லுசீலாவை இடப்பக்கம் சாய்த்துக் குழாயில் அதை விட்டார்கள், பிறகு வலப்பக்கம் சாய்த்து. திரையில் ஆக்ஸிஜன் அளவு எண்பத்திரண்டிலிருந்து தொண்ணூறானது. சிலாவா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதியத்துக்குள் எண்பத்துநான்கு. இன்னொரு முறை விட்டார்கள். எண்பத்தேழு, பிறகு எண்பது.

இம்முறை டாக்டர் உட்காரவில்லை.

"இனி மருந்துல ஒண்ணும் இல்லைங்க. மெஷின்தான். காத்திருக்கணும்."

எங்கள் சமோவா வழக்கப்படி, ஒருவர் பிறர் வீட்டுக்குத் தீங்கு செய்துவிட்டால், குடும்பத்துப் பெரியவர் அந்த வீட்டின் முன்னால் போய்ப் பாயைத் தலையில் போர்த்தி உட்கார வேண்டும். மன்னித்தால் அவர்களே வந்து பாயை எடுப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படி உட்கார நேர்ந்ததில்லை.

நான் நடைபாதையில் பாயைப் பிரித்தேன்.

"என்ன அண்ணே இது? நாம என்ன தப்புப் பண்ணினோம்?"

"அவங்க பிள்ளையோட மூச்சு. நம்மகிட்ட வந்து வீணாப் போகுது."

சிலாவா என்னருகே தரையில் உட்கார்ந்தாள்.

"வண்டி போகணும், கொஞ்சம் நகர்ந்துக்குங்க," என்றாள் நர்ஸ். சுவரோரமாக நகர்ந்தோம்.

"எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும்?" என்று மெல்லக் கேட்டாள் சிலாவா.

எனக்குத் தெரியவில்லை. அந்த வீடு இதே ஆக்லாந்தில் இருக்கலாம், நாட்டின் மறுகோடியிலும் இருக்கலாம். யார் வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று லிஃப்டைப் பார்த்து உட்கார்ந்து, பாயைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன். உள்ளே மெஷின் அவளுக்காக மூச்சு விடும் சத்தம் கேட்டது. லிஃப்ட் திறந்தது, மூடியது.