செம்புத் தோட்டா என்று சொல்லிக் கொடுத்த கறி

எக்ஸ்ரே மேசையில் எப்போதும் நாயோ பூனையோதான் படுத்திருக்கும். அன்று உறைந்த மான் கொத்துக்கறிப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பக்கத்தில் லோவெல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேரு என்னன்னு எழுதட்டும்? கடிக்குமா?" என்றாள் கால்நடை டாக்டர் ஆட்ரி. பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்தவள்.

"கேலி பண்ணாம எடு ஆட்ரி."

திரையில் கறி சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், யாரோ உப்பைச் சிந்திவிட்டதுபோல. ஆட்ரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தனையும் ஈயம். தோள்லயா சுட்ட?"

"ஆமா."

"எலும்புல பட்டா பொடிப்பொடியாத் தெறிக்கும். காயத்தச் சுத்தி எவ்வளவு வெட்டிப் போட்டாலும் மிச்சம் இருக்கும். யாரு சாப்பிடறா இத?"

லோவெல் பொட்டலத்தை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நெஞ்சோடு ஒட்டி அது சில்லென்று இருந்தது.

செப்டம்பரில் மருமகள் மேரன் கேட்டிருந்தாள்: "வயித்துல பிள்ள இருக்கு மாமா. கறியில ஈயம் கலந்தா பிள்ளைக்கு ஆகாது. இந்த வருஷம் செம்புத் தோட்டால சுடுங்க." ஒரு பெட்டி வாங்கவும் செய்தார். சுட்டுப் பழகும் திடலில் மூன்று முறை சுட்டுப் பார்த்தார். மூன்றும் குறிக்கு நாலு விரற்கடை கீழே, இடப்பக்கமாகப் போய் விழுந்தன. தோட்டாவை மாற்றினால் துப்பாக்கியின் குறியையும் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒரு மணி நேர வேலை. ஏரிக்காற்று காதை அறுத்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டிவிட்டார். அடுத்த வாரமும் போகவில்லை.

வேட்டை தொடங்கிய முதல் நாள் காலையில் செம்புப் பெட்டி வண்டியிலேயே இருந்தது. பழைய ஈயத் தோட்டாதான் துப்பாக்கிக்குள் போனது. குறி தப்பினால் வேட்டைக் கூடாரத்தில் கூடத் தங்குகிறவர்கள் அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். முப்பது வருஷமாகக் குறி தப்பாத லோவெலுக்கு அந்தச் சிரிப்புக்குத்தான் பயம்.

கறியை அவரே அரைத்து, பதினோரு பொட்டலம் கட்டி, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு பத்தை மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார். "செம்புதானே மாமா?" என்று மேரன் கேட்டாள். "பின்ன?" என்றார். அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது மகன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது இன்னொரு பொய் தயாராக இருந்தது.

மேரன் கதவைத் திறந்தாள். ஏழு மாத வயிறு.

"அந்தக் கறிய எல்லாம் திருப்பிக் குடும்மா. என் ஃப்ரீசர் ரெண்டு நாள் நின்னுபோயிருந்திருக்கு. எனக்குத் தெரியல. கெட்டிருக்கும்."

"அடடா. நல்லவேள வந்து சொன்னீங்க." அவள் குனிய முடியாமல் குனிந்து பொட்டலங்களை எடுத்து அடுக்கினாள். "அஞ்சு இருக்கு. மூணு நாங்க சாப்பிட்டுட்டோம், ஒண்ணும் பண்ணல. ரெண்டு எங்க அக்கா பிரிட்டாவுக்குக் குடுத்தேன்."

"அவளுக்கா?"

"அவ வாங்கவே மாட்டேன்னா. சின்னப் பிள்ளைங்க இருக்கு, ஈயம் கீயம் இருக்கும்னு பயந்தா. எங்க மாமா சொன்னா சொன்னதுதான், செம்புலதான் சுட்டாருன்னு நான்தான் அடிச்சுச் சொல்லிக் குடுத்தேன்." மேரன் சிரித்தாள். "அவள நெனச்சுக் கவலப்படாதீங்க. கெட்டிருந்தா நாத்தமே காட்டிக்குடுத்துடும். மோந்து பாக்காம எதையும் சமைக்க மாட்டா."

ஈயத்துக்கு நாற்றம் கிடையாது. பிரிட்டா மோந்து பார்ப்பாள், நன்றாகத்தான் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் போடுவாள். லோவெல் கோட்டுக்குள்ளிருந்து ஆறாவது பொட்டலத்தை எடுத்து மற்ற ஐந்தின்மேல் வைத்தார்.

"ஃப்ரீசர் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். "நான் செம்புல சுடல."

மேரனுக்கு முதலில் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். திடலை, காற்றை, எக்ஸ்ரேயை. சொல்லும்போது அவளைப் பார்க்க முடியாமல் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் மூணு தடவ சாப்பிட்டேன்," என்றாள் மேரன். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். "நான் கேட்டேனே மாமா. உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டேனே."

"கேட்டம்மா."

"நாளைக்கே டாக்டர்கிட்ட ரத்தம் பாக்கச் சொல்றேன். அது என் பாடு. அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

ஃபோனை அழுத்தி அவர் கையில் திணித்தாள். மணி அடித்தது.

"சொல்லுடி," என்றாள் பிரிட்டா. பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"மேரன் இல்லம்மா. அவ மாமனாரு, லோவெல்."

"அட, மான் கறி மாமாவா! ஆயுசு நூறு உங்களுக்கு. அதுதான் இப்ப அடுப்புல கொதிக்குது. ரொம்ப நன்றி மாமா."

மேரன் அங்கேயே நின்றாள், ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்ல விடாதவளாக.

"மொதல்ல அடுப்ப அணைம்மா," என்றார் அவர். "பிள்ளைங்களுக்குக் குடுத்துடாத. நான் உன் தங்கச்சிகிட்ட பொய் சொன்னேன்."