மருந்தில்லாத தட்டு

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அக்கா மகள் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். புற்றுநோய்க்கு மருந்து தேடும் இடம். சாயங்காலமானால் போனில் புலம்புவாள். ஆறுதல் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே நான் கதை பொறுக்கினேன். வீட்டில் எழுத்தாளன் இருந்தால் வாயைக் கட்டத்தான் வேண்டும்.

முதல் வரி: "ஆய்வகத்தின் சன்னல் வழியே காலை வெயில் அவள் முகத்தில்..."

"அந்த ரூம்ல சன்னலே கிடையாது மாமா."

(வெயில் வாபஸ்.)

2

சன்னல் இல்லாத அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை போட்ட கையை விட்டு, தட்டுகளில் வளரும் புற்றுச் செல்களுக்கு இளஞ்சிவப்புத் திரவம் மாற்றுவது அவள் வேலை. தட்டுக்கு மேல் கை போகக் கூடாது, தும்மக் கூடாது. பச்சைப் பிள்ளையைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்க மாட்டார்கள். வளர்த்து முடித்ததும் மருந்து ஊற்றிக் கொல்ல வேண்டும். கொன்றால் கைதட்டல்.

மருந்து அபாரமாகக் கொன்றது. அதைக் கண்டுபிடித்தவர் அங்கே மூத்த ஆய்வு மாணவர். எதற்கெடுத்தாலும் "கிராஃப் போட்டாச்சா?" என்று கேட்பதால் அவருக்குப் பெயர் கிராஃப் அண்ணன்.*

(* இவரை வில்லனாக்கப் பார்த்தேன். அவள் சாப்பாடு கொண்டுவராத நாளில் தன்னுடையதில் பாதியைக் கொடுத்துவிடுகிறாராம். வில்லனுக்கு இது அழகா?)

3

அந்த மருந்து தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். ஆனால் மருந்து சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் தட்டில் அண்ணன் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தார். அக்கா மகள் சும்மா இருப்பாளா? இன்னொரு தட்டில் மருந்தில்லாமல் ஆல்கஹாலை மட்டும் அதே அளவு ஊற்றினாள். மறுநாள் அந்தச் செல்களும் கூண்டோடு காலி.

ஆக, கொன்றது மருந்து அல்ல. சாராயம் உடம்புக்கு ஆகாது என்று ஊருக்கே தெரிந்ததை நுண்ணோக்கி வைத்து நிரூபித்திருக்கிறார்கள்.

"அண்ணா, வெறும் ஆல்கஹாலே கொல்லுது."

"கை தவறி அதிகமா ஊத்தியிருப்ப."

"திரும்பத் திரும்ப செஞ்சு பாத்துட்டேன்."

"சரி, மேடம்கிட்ட இப்ப சொல்லாத. போஸ்டர் பிரின்ட்டுக்குப் போயாச்சு."

மேடம்தான் ஆய்வகத்தின் தலைவர். அவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால்தான் இவளுக்கு மேற்படிப்பு. பயிற்சியின் கடைசி நாளான நாளைக்கு, ஆய்வு முடிவை அச்சடித்த அந்தப் போஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க வருகிறவர்களுக்கு விளக்க வேண்டியவளும் இவள்தான்.

4

முடிவு ஒன்று: சபையில் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். மேடம் கண்கலங்கி அவளைக் கட்டி...

("அவங்க குட்மார்னிங்குக்கே தலையாட்ட மாட்டாங்க மாமா.")

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள். கடிதம் வருகிறது. பின்னாளில் அவளே ஒரு மேடமாகி...

(இது நடக்கக் கூடியது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: சொல்கிறாள், கடிதம் கைநழுவிப் போகிறது, ஆனால் மனசு லேசாகி...

(லேசான மனசுக்கு எந்தக் காலேஜில் சீட் தருகிறார்கள் என்று அக்கா கேட்பாள்.)

போனில் வாசித்துக் காட்டினேன், பெரிய வழிகாட்டி மாதிரி.

"எல்லாத்துலயும் எதையோ ஊத்தி வச்சிருக்கீங்க. ஒன்னுல கண்ணீர், ஒன்னுல பயம், ஒன்னுல நிம்மதி. உங்க மருந்து இல்லாத தட்டு எங்க மாமா?"

சுருக்கென்றது. இத்தனை வருஷம் எழுதி, கன்ட்ரோல் இல்லாத கதையாகவே எழுதியிருக்கிறேன் போல.

"சரி, நீயே சொல்லு. என்ன செய்யப் போற?"

"யாராவது கன்ட்ரோல்ல என்ன ஊத்தினீங்கன்னு கேட்டா, உள்ளதச் சொல்லிடுவேன்."

"கேக்கலன்னா?"

"பயமா இருக்கு மாமா," என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் தூங்கச் சொன்னேன்.

5

எதையும் ஊற்றாமல் வைக்கிறேன். பெரிய கூடம். இரவல் கோட்டில் அவள். பின்னால் மேடமும் கிராஃப் அண்ணனும். போஸ்டரில் கலர் கலராகக் கிராஃப்.

வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். படிப்பதுபோல் கொஞ்சம் நிற்பார்கள், "ரொம்ப நல்லா இருக்கு" என்பார்கள், தேநீர் இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். நீங்களும் இதுவரை தலையாட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்.

தேநீர் அந்தப் பக்கம் இருக்கிறது. அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.